வரைபட மேசை: நீர்மூழ்கியை எண்களைக் கொண்டு செலுத்துவது எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டுகளைப் பற்றியவை. நான் சரக்குக் கப்பல்களில் இரண்டாம் அதிகாரியாக வேலை பார்த்தவன். வரைபடங்களைப் பராமரிப்பதும் பயணப் பாதையை வரைவதும் கப்பலில் இரண்டாம் அதிகாரியின் பொறுப்பு. இந்தக் கேள்விகளைப் படிக்கும்போதே என் கை பென்சிலைத் தேடுகிறது. கணினித் திரையில் இருந்தாலும் கடல் கடல்தான் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பசிபிக் போரைக் களமாகக் கொண்ட ‘சைலன்ட் ஹன்டர் 4’ விளையாடுகிறேன். வரைபடத்தில் சுட்டியை அழுத்திப் புள்ளி வைத்தால் கப்பல் தானாகவே அங்கே போய்விடுகிறது. எனக்கு அது போதவில்லை. பேர்ல் ஹார்பர், மிட்வே தீவு இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று காகிதத்தில் கண்டுபிடிக்க முடியுமா, ஐயா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியும், தம்பி. ‘எனக்கு அது போதவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகவே உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன்.

பேர்ல் ஹார்பர் ஏறத்தாழ 21 டிகிரி 21 நிமிடம் வடக்கு, 157 டிகிரி 57 நிமிடம் மேற்கு. மிட்வே ஏறத்தாழ 28 டிகிரி 12 நிமிடம் வடக்கு, 177 டிகிரி 21 நிமிடம் மேற்கு. முதலில் அட்சரேகைகளைக் கழியுங்கள். 6 டிகிரி 51 நிமிடம் வரும். ஒரு டிகிரிக்கு 60 கோண நிமிடம் என்பதால் இது 411 நிமிடம். கடல் மைல் என்ற அளவே அட்சரேகையின் ஒரு நிமிடத்தை ஒட்டிப் பிறந்ததுதான். 1929-ல் அதை 1852 மீட்டர் என்று நிலைப்படுத்தினார்கள். ஆகவே மாற்றுக் கணக்கு எதுவும் இல்லாமலே, நீங்கள் வடக்கே 411 கடல் மைல் ஏற வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

தீர்க்கரேகையில் இந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் கழித்தால் 19 டிகிரி 24 நிமிடம், அதாவது 1164 நிமிடம். இதை அப்படியே 1164 மைல் என்று எழுதிவிடக் கூடாது. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்று நின்று, துருவங்களை நோக்கிப் போகப் போக நெருங்கி, அங்கே ஒரே புள்ளியில் சேர்கின்றன. எந்த அட்சத்தில் நிற்கிறீர்களோ அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால்தான் மைல் கிடைக்கும். நீங்கள் 21 டிகிரியில் புறப்பட்டு 28 டிகிரியில் முடிக்கிறீர்கள். நடு அட்சம் 24.8 டிகிரி என்று கொள்ளுங்கள். அதன் கோசைன் 0.908. 1164-ஐ 0.908-ஆல் பெருக்கினால் 1057. அத்தனை மைல் மேற்கே போக வேண்டும்.

இனி பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான். வடக்கே 411, மேற்கே 1057. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1134 கடல் மைல். 1057-ஐ 411-ஆல் வகுத்தால் 2.57, அந்த டேஞ்சன்ட்டுக்கு உரிய கோணம் ஏறத்தாழ 69 டிகிரி. வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 69 டிகிரி திரும்ப வேண்டும் என்று பொருள். திசைகாட்டியில் 360-லிருந்து 69-ஐக் கழித்து 291 என்று எழுதுவோம்.

பலர் இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். நீங்கள் வைக்காதீர்கள். இந்த 291 டிகிரிக் கோட்டை வரைபடத்தில் போட்டு, அது எதன் மேலெல்லாம் போகிறது என்று பாருங்கள். முதலில் பேர்ல் ஹார்பர் இருக்கும் ஒவாஹு தீவின் தரையிலேயே ஏறும். பிறகு காவாய் தீவின் தென்கரையை உரசும். கார்ட்னர் பாறைகளுக்கு மிக அருகில் போகும். கடைசியில், மிட்வேயைத் தொடுவதற்கு முன்னால், பேர்ல்–ஹெர்ம்ஸ் பவளத்திட்டை நெருங்கும். ஹவாய் தீவுகளின் சங்கிலி மிட்வே வரைக்கும், அதையும் தாண்டியும் நீளுகிறது. நீங்கள் வரைந்த கோடு அந்தச் சங்கிலியைப் பின்னியபடியே போகிறது. பேர்ல், ஹெர்ம்ஸ் என்பவை இரண்டு பிரிட்டிஷ் திமிங்கில வேட்டைக் கப்பல்கள். 1822-ல் ஒரே இரவில் இரண்டும் அந்தத் திட்டில் மோதி உடைந்தன. அதனால்தான் திட்டுக்கு அந்தப் பெயர். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், வழியில் நிலம் இருப்பது கணக்குக்குத் தெரியாது.

ஆகவே பாதையைத் துண்டுகளாக உடையுங்கள். நான் வரைந்தால் இப்படி வரைவேன். துறைமுக வாயிலிலிருந்து தெற்கே இறங்கி, பார்பர்ஸ் முனையைத் தள்ளிச் சுற்றிக்கொண்டு 21 டிகிரி 20 நிமிடம் வடக்கு, 158 டிகிரி 30 நிமிடம் மேற்குக்கு வருவேன். இது ஏறத்தாழ 40 மைல். அங்கிருந்து 330 டிகிரியில் 92 மைல் போனால் 22 டிகிரி 40 நிமிடம் வடக்கு, 159 டிகிரி 20 நிமிடம் மேற்கு. ஒவாஹுவுக்கும் காவாய்க்கும் நடுவே உள்ள கால்வாயைக் கடந்து தீவுகளுக்கு வடக்கே வந்துவிட்டோம். அடுத்தது நீண்ட ஓட்டம்: 291 டிகிரியில் 959 மைல், 28 டிகிரி 30 நிமிடம் வடக்கு, 175 டிகிரி 50 நிமிடம் மேற்கு வரை. பேர்ல்–ஹெர்ம்ஸ் திட்டு இப்போது உங்களுக்குத் தெற்கே 40 மைல் தள்ளி இருக்கும். கடைசியாக 257 டிகிரியில் 82 மைல் இறங்கினால் மிட்வே.

மொத்தம் 1173 மைல். நேர்க்கோட்டைவிட 39 மைல்தான் கூடுதல். 10 நாட், அதாவது மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போனால் நான்கு மணி நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். உங்கள் விளையாட்டில் அந்தப் பாறைகள் வரையப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படியே போங்கள். பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பிய அமெரிக்க நீர்மூழ்கிகள் மிட்வேயில் எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் ஜப்பானை நோக்கிப் போயின. அவர்கள் கடந்த அதே கடலைத்தான் நீங்கள் திரையில் கடக்கிறீர்கள்.

கேள்வி: மிட்வேயிலிருந்து டோக்கியோ விரிகுடாவுக்குக் கணக்குப் போட்டேன். ஒன்று மேற்கு, மற்றது கிழக்கு என்பதால் இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினேன். 317 டிகிரி வருகிறது. உலகத்தையே சுற்றச் சொல்கிறதே?
— வாசகர், ஈரோடு

பதில்: கூட்டியது சரி. வந்த விடையை 360-லிருந்து கழிக்க விட்டுவிட்டீர்கள். 177 டிகிரி 21 நிமிடம் மேற்கு, 139 டிகிரி 45 நிமிடம் கிழக்கு: கூட்டினால் 317 டிகிரி 6 நிமிடம். 360-லிருந்து கழித்தால் 42 டிகிரி 54 நிமிடம், அதாவது 2574 நிமிடம். இதுதான் மேற்கு நோக்கிய குறுக்குவழி. கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டினால் எப்போதும் இப்படிச் செய்யுங்கள். நடுவே 180 டிகிரிக் கோட்டை மேற்கு நோக்கிக் கடக்கும்போது, உங்கள் பயணக் குறிப்பேட்டில் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளவும் வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் கோசைன் கணக்கைப் போட்டால் என் விளையாட்டில் வடக்கு அட்லாண்டிக்கில் தூரம் பொருந்தவே இல்லை. அளவுகோல் காட்டும் தூரம் என் விடையைவிட அதிகமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கவனிப்பு. உங்கள் விளையாட்டின் உலகம் உருண்டையா தட்டையா என்று முதலில் சோதியுங்கள். ஷெட்லாந்து தீவுகளுக்குப் பக்கத்தில் 60 டிகிரி அட்சம் போகிறது. அந்தக் கோட்டின் மேல் ஒரு டிகிரி தீர்க்க இடைவெளியை விளையாட்டின் அளவுகோலால் அளந்து பாருங்கள். 60 டிகிரியின் கோசைன் சரியாகப் பாதி. எனவே 30 கடல் மைல் காட்டினால் விளையாட்டை எழுதியவர்கள் பூமியை உருண்டையாக மதித்திருக்கிறார்கள். 60 காட்டினால் உலகத்தைச் சதுரக் கட்டமாக விரித்துவிட்டார்கள். அந்த விளையாட்டுக்குள் கோசைன் இல்லாமலே கணக்குப் போடுங்கள், எண்கள் பொருந்திவிடும்.

உண்மையான காகித வரைபடத்தில் வேலை செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1569-ல் மெர்கேட்டர் அமைத்த முறையில், ஒரே திசைக்கோணத்தில் போகும் பாதை நேர்க்கோடாகவே விழும். மாலுமிக்கு அது பெரிய வரம். அதற்கு ஈடாக, வடக்கே போகப் போக நிலமும் கடலும் பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே தூரத்தை டிவைடரில் எடுத்தால், உங்கள் பாதை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் உள்ள அட்ச அளவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ உள்ள தீர்க்க அளவில் வைத்து ஒருபோதும் படிக்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் இளம் அதிகாரிகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

கேள்வி: நேதாஜி ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்த பாதையை விளையாட்டில் நானே ஓட்டிப் பார்க்க ஆசை. என் தாத்தா மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். எங்கே தொடங்குவது, எப்படித் திட்டமிடுவது என்று சொல்வீர்களா?
— பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு வரைபடத்தை விரிக்காமல் இருக்க முடியவில்லை.

1943 பிப்ரவரி 9-ல் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி புறப்பட்டது. தலைவர் வெர்னர் முசென்பெர்க். நேதாஜியோடு ஆபித் ஹசன் இருந்தார். கீல் 54 டிகிரி 20 நிமிடம் வடக்கு, 10 டிகிரி 8 நிமிடம் கிழக்கு. ஆங்கிலக் கால்வாய் பிரிட்டிஷ் காவலில் இருந்ததால் அந்தப் பக்கம் போக வழியில்லை. நார்வே கரையோரமாக ஏறி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே சுற்றித்தான் அட்லாண்டிக்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து தெற்கே போகும்போது அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளை ஒதுக்கிவிடுங்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்ஹாஸ் முனை 34 டிகிரி 50 நிமிடம் தெற்கு, 20 டிகிரி கிழக்கு. நீங்கள் 40 டிகிரி தெற்கு வரை இறங்கிச் சுற்றுங்கள். கரையிலிருந்து கிளம்பும் ரோந்து விமானங்களுக்கு எட்டாமல் இருப்பது நல்லது. யூ-180 தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் ஏப்ரல் 18-ல் கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-ஐச் சந்தித்தது. கொந்தளிக்கும் கடலில் ஒரு ரப்பர் படகில் நேதாஜி மாறினார்.

இந்தச் சந்திப்பில் உள்ள கடலோட்டத் திறமையை நம்மவர்கள் போதிய அளவு பேசியதில்லை என்பது என் ஆதங்கம். ஒரு கப்பல் பால்டிக் கரையிலிருந்து வருகிறது. இன்னொன்று மலாக்கா நீரிணையிலிருந்து வருகிறது. சுற்றிலும் எந்த அடையாளமும் இல்லாத தண்ணீர். இருவரும் நம்பியது இரண்டு எண்களை மட்டும்தான். நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு 5 மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அடிவானம் நாலரைக் கடல் மைலுக்குச் சற்று மேல். எதிரே வரும் நீர்மூழ்கியும் அதே உயரம் என்றால், தெளிந்த பகலில் ஏறத்தாழ 9 மைலுக்குள் வந்தால்தான் ஒன்றுக்கொன்று கண்ணில் படும். ஒரு டிகிரி பிசகினால் 60 மைல். கால் டிகிரி பிசகினாலே 15 மைல். பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் கடந்து போய்விடுவார்கள். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. அந்தியிலும் விடியலிலும், அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து தெரியும் அந்தச் சில நிமிடங்களில் செக்ஸ்டன்ட்டால் கோணம் எடுத்துத்தான் இடத்தைக் கணித்தார்கள்.

நீங்கள் பயிற்சிக்கு 25 டிகிரி தெற்கு, 60 டிகிரி கிழக்கு என்ற முழு எண் புள்ளியைச் சந்திப்பு இடமாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நடந்த சந்திப்புக்குப் பிறகு ஐ-29 நேதாஜியைச் சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள சபாங்குக்குக் கொண்டுபோனது. மே முதல் வாரத்தில் அங்கே இறங்கி, பிறகு விமானத்தில் டோக்கியோ போனார். சபாங் 5 டிகிரி 53 நிமிடம் வடக்கு, 95 டிகிரி 19 நிமிடம் கிழக்கு. இந்தத் துண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதை நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. நடு அட்சம் எடுக்கும் முறை இங்கே ஏமாற்றும், ஏனென்றால் தெற்கும் வடக்கும் ஒன்றையொன்று அடித்துவிடும். நிலநடுக்கோட்டில் பாதையை வெட்டி, இரண்டு பாதிகளையும் தனித்தனியே கணக்கிடுங்கள். கோடு நிலநடுக்கோட்டை 88 டிகிரி 45 நிமிடம் கிழக்குக்கு அருகில் வெட்டும். திசை ஏறத்தாழ 48 டிகிரி. முழுத் தூரம் ஏறத்தாழ 2770 கடல் மைல். 12 நாட் வேகத்தில் ஒன்பதரை நாளுக்குச் சற்று மேல்.

முடித்த பிறகு வரைபடத்தை மாணவர்களிடம் காட்டுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோகிற பயணம் அது.

கேள்வி: மேலே ஓடும்போது என் கணக்கு சரியாக வருகிறது. ஒரு பகல் முழுக்க மூழ்கியிருந்துவிட்டு எழுந்தால் எங்கே இருக்கிறேன் என்றே தெரிவதில்லை.
— வாசகி, புதுச்சேரி

பதில்: விளையாட்டு உங்கள் இடத்தைத் தானாகக் காட்டும் வசதியை நீங்கள் அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. மிக்க மகிழ்ச்சி.

மூழ்கும் கணத்தில் நேரத்தையும் இடத்தையும் குறித்துவிடுங்கள். பிறகு திசையோ வேகமோ மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு எழுதுங்கள். மூன்று நாட் வேகத்தில் நாற்பது நிமிடம் என்றால் இரண்டு மைல். அதை வரைபடத்தில் வரைந்து, அந்த முனையிலிருந்து அடுத்த கோட்டைத் தொடங்குங்கள். அப்படிக் கிடைப்பது கணிப்பிடம் மட்டுமே. நீரோட்டம் அதில் இல்லை. போர்க்கால அமெரிக்க கேட்டோ வகை நீர்மூழ்கி, மின்கலத்தில் 2 நாட் வேகத்தில் 48 மணி நேரம் மூழ்கியிருக்கக் கூடியது. ஜப்பான் கரையோரம் ஓடும் குரோஷியோ நீரோட்டமோ இடத்துக்கு இடம் 3 நாட்டையும் தாண்டும். எதிர்த்து 2 நாட்டில் போகிறவர், முன்னேறுவதாக எண்ணிக்கொண்டே மணிக்கு ஒரு மைல் பின்னால் போய்க்கொண்டிருப்பார்.

ஆகவே கணிப்பிடத்தைப் புள்ளியாக வைக்காதீர்கள், வட்டமாக வரையுங்கள். மூழ்கியிருந்த ஒவ்வொரு மணிக்கும் அந்த வட்டம் எத்தனை மைல் விரியும் என்று கடலைப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். வட்டத்தின் விளிம்பு ஒரு பாறையைத் தொட்டால், அந்தப் பாறை உங்கள் பெரிஸ்கோப்புக்கு நேர் எதிரே நிற்பதாகவே எண்ணி விலகுங்கள்.

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. இந்த விளையாட்டில் உயிராக இருக்கிறான். சைன், கோசைன் எதுவும் இன்னும் படிக்கவில்லை. அவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள், ஐயா.
— ஒரு தாய், நாகப்பட்டினம்

பதில்: அம்மா, அவனுடைய ஜாமெட்ரி பெட்டியே போதும். அவனுக்கு ஒரு மென்மையான 2பி பென்சிலும் நல்ல அழிப்பானும் வாங்கிக் கொடுங்கள். வரைபடத்தில் அழுத்தாமல் வரையக் கப்பல்களில் அதைத்தான் பயன்படுத்துவோம்.

திருநெல்வேலித் தம்பிக்குச் சொன்ன நீண்ட ஓட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். தீர்க்க வேறுபாடு 990 நிமிடம், அட்ச வேறுபாடு 350 நிமிடம், நடு அட்சம் ஏறத்தாழ 25 டிகிரி 30 நிமிடம். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து என்று அளவு வைத்துக்கொள்ளட்டும். முதலில் தாளில் ஒரு படுக்கைக் கோடு. அதன் ஒரு முனையிலிருந்து, கோணமானியால் இருபத்தைந்தரை டிகிரி அளந்து ஒரு சாய்கோடு. சாய்கோட்டில் 99 மில்லிமீட்டர் குறித்து, அங்கிருந்து படுக்கைக் கோட்டுக்குச் செங்குத்தாக இறக்கட்டும். முனையிலிருந்து செங்குத்து விழுந்த இடம் வரை அளந்தால் 89 மில்லிமீட்டர், அதாவது 890 மைல். கோசைன் என்ற பெயரே தெரியாமல் அவன் கோசைனால் பெருக்கிவிட்டான்.

இப்போது புதிய பக்கத்தில், மேலே வடக்கு என்று எழுதிவிட்டு, ஒரு புள்ளியிலிருந்து மேல்நோக்கி 35 மில்லிமீட்டர், அங்கிருந்து இடப்பக்கம் 89 மில்லிமீட்டர் வரைந்து, தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் சேர்க்கட்டும். அளவுகோலில் 96 மில்லிமீட்டர் வரும், 960 மைல். கோணமானியைத் தொடங்கிய புள்ளியில் வைத்தால், வடக்குக் கோட்டிலிருந்து இடப்பக்கமாக 69 டிகிரி காட்டும். 360-லிருந்து கழித்து, வரும் எண்ணைக் கப்பலின் சுக்கான் பிடிப்பவருக்கு அவனே ஆணையாகக் கொடுக்கலாம்.